வண்டியை எங்கடி விட்டே?

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் பிசியோதெரபி. பத்தரைக்கு நேரம் கொடுத்திருப்பார்கள், நாங்கள் பத்தேகாலுக்கே வாசலில் இருப்போம். அம்மாவை இறக்கி, கைத்தடியைக் கையில் கொடுத்து, "நீ உள்ளே போய் உட்காரும்மா, வண்டியை விட்டுட்டு இதோ வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். ஒரு வெள்ளிக்கிழமை அந்த 'இதோ' முடிந்தபோது மணி பதினொன்று ஐந்து. உள்ளே போனால் அம்மா பயிற்சியெல்லாம் முடித்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"வண்டியை எங்கடி விட்டே, நம்ம வீட்டுலயா?"

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த ஐம்பது நிமிடத்தில் நான் அதே நாலு தெருவை ஒன்பது தடவை சுற்றியிருந்தேன். மூலையில் ஒரு நாய் படுத்திருந்தது, முதல் இரண்டு சுற்றில் தலையைத் தூக்கிப் பார்த்தது, அப்புறம் அதுவும் விட்டுவிட்டது.

பெரிய நகரத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இடம் தேடுகிறவளின் கண் சாலையில் இருக்காது. யார் கையில் சாவி இருக்கிறது, எந்த வண்டியின் பின்விளக்கு எரிகிறது, எந்த வண்டிக்குள் தலை தெரிகிறது என்று வேவு பார்த்துக்கொண்டே போவோம். அந்த வெள்ளிக்கிழமை ஒருவர் கையில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நடந்துபோனார். கடவுளே அனுப்பியதுபோல இருந்தது. அவர் பின்னாலேயே ஊர்ந்தேன், எனக்குப் பின்னால் வந்தவர்கள் அடித்த ஹார்னையெல்லாம் தாங்கிக்கொண்டு. வெள்ளைக் கார் பக்கத்தில் நின்றார், கதவைத் திறந்தார், நான் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டேன். அவர் பின்சீட்டில் இருந்து ஒரு ஃபைலை எடுத்தார், கதவைச் சாத்தினார், பூட்டினார், வந்த வழியே திரும்பி நடந்தார். போகும்போது என்னைப் பார்த்து ஒரு புன்னகை வேறு.

இன்னொரு வகை இருக்கிறது. வண்டிக்குள் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். நாம் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "எடுக்கிறீங்களா சார்?" என்று கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டுவார்கள். எடுக்கிறேன் என்பதா, எடுக்கவில்லை என்பதா, போய்த்தொலை என்பதா, அந்தக் கையிலிருந்து ஒன்றும் தெரியாது.

இதைப் பற்றி ஓர் ஆராய்ச்சியே நடந்திருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஒரு பக்கம் ஆறுதல், ஒரு பக்கம் வெட்கம். 1997-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் ஒரு ஷாப்பிங் மால் வளாகத்தில், காரில் ஏறியவர்கள் இடத்தைக் காலி செய்ய எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். யாரும் காத்திருக்கவில்லை என்றால் சராசரியாக 32 விநாடி. ஒருவர் காத்துக்கொண்டு நின்றால் 39. அவர் ஹார்ன் அடித்தால் 43. அதாவது அவசரப்படுத்தினால் வேகம் குறைகிறது. இன்னொன்றும் பார்த்தார்கள்: காத்திருப்பது விலை உயர்ந்த வண்டியாக இருந்தால் ஆண்கள் சற்றுச் சீக்கிரம் கிளம்பிவிட்டார்களாம், பெண்களுக்கு எந்த வண்டி நின்றாலும் ஒன்றுதானாம். படித்துவிட்டு முதலில் நினைவுக்கு வந்தது நான்தான். இடம் கிடைத்துவிட்ட நாட்களில் திரும்பி வந்து உட்கார்ந்து, பெல்ட் போட்டு, தண்ணீர் குடித்து, வாட்ஸப்பில் ஒன்றிரண்டு பதில் போட்டு, அப்புறம்தான் வண்டியை எடுத்திருக்கிறேன். பின்னால் ஒருவர் இண்டிகேட்டர் போட்டுக் காத்திருப்பது கண்ணாடியில் தெரியும். தெரிந்தேதான்.

சரி, தெருவில் இடம் இல்லை, காசு கொடுத்து அடுக்கு பார்க்கிங்கில் விடலாமே என்பீர்கள். விட்டிருக்கிறேன்.

பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் அந்தச் சரிவுப் பாதை இருக்கிறதே, அதைக் கட்டியவர் வாழ்க்கையில் கார் ஓட்டியிருக்க மாட்டார். வளைவில் ஒரு தூண். அந்தத் தூணில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம், சாம்பல் என்று வரிவரியாகப் பெயின்ட். யாரும் அடித்த பெயின்ட் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு காரின் கதவிலிருந்து உரிந்து ஒட்டியது. மூன்றாவது வாரத்தில் என் பங்குக்கு ஒரு வெள்ளிக்கோடு சேர்ந்தது. வாயிலில் மெஷின் சீட்டு தரும், அதை எடுக்க ஜன்னல் வழியாகக் கை நீட்டினால் சரியாக நாலு விரல் தூரம் எட்டாது. கதவைத் திறந்து பாதி இறங்கி எடுக்க வேண்டும், அதற்குள் பின்னால் மூன்று வண்டி சேர்ந்திருக்கும். அந்தச் சீட்டு தொலைந்தால் முழு நாள் கட்டணம் என்று சிவப்பு எழுத்தில் போர்டு. ஒருநாள் தொலைத்தேன். பர்ஸ், பை, இருக்கைக்கு அடியில், மருந்துச்சீட்டுக்கு நடுவில் என்று தேடிக் கிடைக்காமல் முழு நாள் காசைக் கட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். "பத்திரமா இருக்கட்டும்னு வச்சேன்."

கட்டணத்தைவிட அதைக் கணக்குப் போடும் விதம்தான் எனக்கு ஆற்றாமை. ஒரு மணி நேரம் மூன்று நிமிடம் என்றால் இரண்டு மணி நேரக் காசு. அந்த மூன்று நிமிடம் நான் எங்கே இருந்தேன்? உள்ளேயேதான், வெளியே போகும் வரிசையில். முன்னால் நின்றவரின் கார்டை மெஷின் ஏற்கவில்லை, செக்யூரிட்டி வந்து எதையோ தட்டிப் பார்த்தார், அவருக்கும் அது பிடிபடவில்லை. நான் வண்டியை எடுத்தாயிற்று, என் இடத்தில் வேறொருவர் வந்து நிறுத்தியும் ஆயிற்று, கடிகாரம் மட்டும் எனக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவருக்கும் ஓடுகிறது. ஒரே இடத்துக்கு இரண்டு பேரிடம் வாடகை. செக்யூரிட்டியிடம் சொன்னேன். "சிஸ்டம் மேடம்" என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேச முடியாது.

நாலாவது வாரம் பூட்டு. கண்ணாடிக் கடையில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி தயாராக இருந்தது, வாங்கிக்கொண்டு வந்தால் போதும், பத்தே நிமிடம். நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கும் ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு இறங்கினேன். ஹசார்ட் போட்டுவிட்டால் வண்டி எங்கே நின்றாலும் அது நின்றதாகக் கணக்கில்லை என்று நம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. திரும்பி வந்தால் முன்சக்கரத்தில் மஞ்சள் நிறத்தில் இரும்புப் பூட்டு, கண்ணாடியில் உரித்தெடுக்க முடியாதபடி ஒட்டிய ஸ்டிக்கர், அதில் ஒரு போன் நம்பர். ஹசார்ட் விளக்கு பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. நோ பார்க்கிங் போர்டு எங்கே என்று தேடினேன். இருந்தது, ஒரு மரக்கிளைக்குப் பின்னால், 'நோ' மட்டும் இலைக்குள் மறைந்து 'பார்க்கிங்' என்று வரவேற்றுக்கொண்டு. நம்பரில் கூப்பிட்டேன், பக்கத்தில்தான் இருக்கிறோம் என்றார்கள், வர ஐம்பது நிமிடம் ஆனது. பூட்டைப் போட மட்டும் எப்படித்தான் பத்து நிமிடத்துக்குள் வந்தார்களோ. கட்டிய அபராதத்தில் புதிதாக இன்னொரு மூக்குக்கண்ணாடியே வாங்கியிருக்கலாம்.

அன்று இரவு கோபத்தில் உட்கார்ந்து கணக்கு எழுத ஆரம்பித்தேன். எதை எழுதினாலும் மறுவாரம் விட்டுவிடுகிறவள் நான், இதை மட்டும் விடவில்லை, நினைவிலிருந்து பழையதையும் சேர்த்துக்கொண்டேன். பன்னிரண்டு தடவை போயிருக்கிறோம். இடம் தேடிய நேரம் மட்டும் மொத்தம் 4 மணி 35 நிமிடம். ஒரு தடவைக்குச் சராசரி 23 நிமிடம். இதில் ஒன்று உறைத்தது. காசு கொடுத்து நிறுத்திய நாட்களில் தேடல் ஐந்தாறு நிமிடம்தான். தெருவோரத்தில் 'சும்மா' இடம் கிடைத்த நாட்கள்தான் அரைமணியைத் தின்றிருந்தன. அந்த அரைமணிக்கு எரிந்த பெட்ரோலை எழுதினால் இன்னும் கேவலம்.

டொனால்ட் ஷூப் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், 2025 பிப்ரவரியில் காலமானார். லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு வாழ்நாள் முழுக்க இதே விஷயத்தைத்தான் ஆராய்ந்தார்: கார் நிறுத்தும் இடம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வெஸ்ட்வுட் என்று ஒரு வட்டாரம், மொத்தமே 15 பிளாக் (நாலு தெருவுக்கு நடுவே இருக்கும் கட்டடத் தொகுதி ஒரு பிளாக்). அங்கே இடம் தேடி ஒரு கார் சுற்றும் நேரம் சராசரியாக 3.3 நிமிடம் என்று அளந்தார். மூன்றேகால் நிமிடம்! எனக்கு அது கனவு. ஆனால் அந்த மூன்றேகால் நிமிடத்தை எல்லாக் கார்களுக்கும் கூட்டி ஒரு வருடத்துக்குப் பெருக்கினால் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் வருகிறது, பூமியை 38 தடவை சுற்றுகிற தூரம். யாரும் எங்கும் போகவில்லை, எல்லோரும் ஏற்கெனவே வந்து சேர்ந்தவர்கள்.

ஏன் சுற்றினார்கள்? காசு போட்டு வண்டியை நிறுத்தும் தெருவோர மீட்டரில் கட்டணம் குறைவு, கட்டடத்துக்குள் நிறுத்தினால் அதிகம். அவ்வளவுதான். மலிவான இடம் எப்போதும் நிரம்பியிருக்கும், நிரம்பியிருப்பது தெரிந்தும் ஒன்று காலியாகாதா என்று சுற்றுவோம். நான் செய்வதும் அதேதான், கொஞ்சம் அதிக நம்பிக்கையோடு.

அதற்கு அவர் சொன்ன வழி முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. தெருவோரக் கட்டணத்தை இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி மாற்று, நூற்றுக்கு 85 இடம் நிரம்பியும் 15 காலியாகவும் இருக்கும் அளவுக்கு வை, அப்போது எந்தத் தெருவுக்குள் போனாலும் ஓரிரு இடம் கிடைக்கும் என்பார். கேட்டதும் 'ஆக, காசை ஏற்றச் சொல்கிறார்' என்றுதான் தோன்றியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2011-இல் ஏறக்குறைய இதையே செய்து பார்த்தார்கள். சென்சார் வைத்து எந்த பிளாக் நிரம்புகிறது, எது காலியாகக் கிடக்கிறது என்று பார்த்து, கூட்டம் உள்ள இடத்தில் கொஞ்சம் ஏற்றி, இல்லாத இடத்தில் கொஞ்சம் இறக்கி. சோதனை முடிந்தபோது அந்தப் பகுதிகளில் மீட்டர் கட்டணம் சராசரியாகப் பார்த்தால் சற்றுக் குறைந்தே போயிருந்தது. ஏறும் என்று பயந்தது இறங்கியது. பல தெருக்களில் தேவைக்கு மேல் வசூலித்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

பார்க்கிங் மீட்டர் பிறந்த கதையும் இப்படித்தான். 1935 ஜூலை 16, அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி. கடைவீதியில் வேலை செய்பவர்கள் காலையிலேயே வந்து கடை வாசலில் காரை விட்டுவிட்டு மாலைவரை எடுப்பதில்லை, சாமான் வாங்க வருகிறவர்களுக்கு நிறுத்த இடமில்லை. கார்ல் மாகி என்ற பத்திரிகையாளர் காசு போட்டால் ஓடும் கடிகாரத்தைக் கம்பத்தில் மாட்டலாம் என்றார். மணிக்கு 5 சென்ட். ஜனங்கள் கொதித்தார்கள், சொந்தக் காரை நிறுத்த வரியா என்று. ஆனால் முதலில் தெருவின் ஒரு பக்கம் மட்டுமே மாட்டியிருந்தார்கள், கொஞ்ச நாளிலேயே எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர்கள் எங்களுக்கும் மாட்டுங்கள் என்று கேட்டு வந்துவிட்டார்கள். மீட்டர் இருந்த பக்கத்தில் வண்டிகள் மாறிக்கொண்டே இருந்தன, வியாபாரமும் நடந்தது.

இதையெல்லாம் படித்ததால் நான் கட்டணத்தின் ரசிகையாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வாங்குகிற காசு எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிகாகோவில் 2008-இல் நகரத்தின் மீட்டர்களை மொத்தமாக 75 வருடத்துக்கு ஒரு தனியார் குழுவுக்குக் குத்தகைக்கு விட்டார்கள், கிட்டத்தட்ட 115 கோடி டாலருக்கு. கட்டணம் விறுவிறு என்று ஏறியது. வந்த பணத்தில் பெரும்பகுதியை நகராட்சி சில வருடங்களிலேயே பட்ஜெட் பள்ளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டது. இப்போது ஒரு தெருவைத் திருவிழாவுக்கோ வேலைக்கோ அடைத்து மீட்டர் ஓடாமல் போனால் அந்த இழப்புக்கு நகரம் ஈடு கட்ட வேண்டும். தன் சொந்தத் தெருவை மூட வாடகை! இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் பாக்கி இருக்கிறது. எனக்குப் பூட்டுப் போட்ட ஆள் ஞாபகத்துக்கு வந்தான்.

இதற்கு நேர் எதிர் ஜப்பான். அங்கே பெரிய நகரங்களில் கார் வாங்க வேண்டுமென்றால் நிறுத்த இடம் இருக்கிறது என்று முதலில் சான்றிதழ் வாங்க வேண்டும், போலீஸ் மூலம். இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். 1962-இல் வந்த சட்டம். எங்கள் தெருவில் இப்படி ஒரு சட்டம் வந்தால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் சொன்னேன். "முதல்ல உன் காரைத்தான் எடுத்துட்டுப் போவான்" என்றாள். உண்மைதான், என் கார் இரவில் நிற்பது தெருவில்தான். ஆறு வருடமாக.

அதுவும் ஒரு கணக்கு. ஒரு கார் நிற்க ஏறக்குறைய இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். பன்னிரண்டரை சதுர மீட்டர். அம்மா படுக்கும் அறை அதைவிடச் சின்னது, டேப் வைத்து அளந்தே பார்த்தேன். அந்த அறைக்கு நான் வாடகை கொடுக்கிறேன். வெளியே நிற்கும் காருக்கு அதைவிடப் பெரிய அறை, ஊர்ச் சொத்தில், காலணா கொடுக்காமல். காரோ தன் ஆயுளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நேரம் சும்மா நிற்பதற்கே பிறந்த ஜீவன். கார் இல்லாதவர்கள் நடைபாதையில் என் பம்பரைச் சுற்றிக்கொண்டு, கைக்குழந்தையோடு சாலையில் இறங்கி நடந்து போகிறார்கள். அவர்களில் யாராவது ஒருநாள் என் கதவைத் தட்டி வாடகை கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே நிறுத்துகிறோம்.

சரி, இப்போது என்ன செய்கிறேன் என்றால், தேடுவதை விட்டுவிட்டேன். அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு நேராக ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு திறந்தவெளிப் பார்க்கிங்குக்குப் போய்விடுகிறேன். தகரக் கூரைக்கு அடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து துண்டுச்சீட்டில் வண்டி நம்பரை எழுதித் தருகிறார், மெஷின் இல்லை, தூண் இல்லை. அங்கிருந்து நடக்கப் பதினெட்டு நிமிடம். 23-ஐவிடக் குறைவு. மழை நாளில் டாக்ஸி, அதில் திட்டிக்கொள்வதற்கு ஒன்றுமில்லை, வாசலில் இறங்கி வாசலில் ஏறுகிறோம். ஆனால் அம்மாவுக்கு டாக்ஸி பிடிக்கவில்லை, கால் நீட்ட இடம் போதாது என்கிறாள். என் வண்டியில் மட்டும் எங்கிருந்து வந்ததோ அந்த இடம்.

நேற்று செவ்வாய்க்கிழமை அதிசயமாக வாசலுக்கு எதிரிலேயே ஒரு இடம், நாங்கள் போன நேரத்தில் ஒருவர் எடுத்தார். ஒரே திருப்பில் உள்ளே விட்டேன். அரைமணி கழித்து அம்மாவோடு வெளியே வந்தால் பின்னாலேயே ஒரு பெரிய கறுப்பு வண்டி, இண்டிகேட்டர் போட்டுக் காத்திருக்கிறது. எனக்கு அந்த 39 விநாடி ஞாபகம் வந்தது, இன்று நாமாவது சட்டென்று எடுத்துக் கொடுப்போம் என்று அவசரமாக உட்கார்ந்து சாவியைத் திருகினேன், ரிவர்ஸும் போட்டுவிட்டேன். கறுப்பு வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். நீளமாக ஒன்று, அப்புறம் குட்டியாக இரண்டு.

அம்மா பெல்ட்டை மாட்டப் போனவள் கையை எடுத்துவிட்டாள். நிதானமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், புடவைத் தலைப்பைத் தேடி எடுத்தாள்.

"இருடி, கண்ணாடியைத் தொடச்சுக்கறேன்."